ஆர்மோனியப் பெட்டியின் பூர்வீகம்

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய நம்மை அண்டை வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்பது. நாமும் தஞ்சாவூர் என்றோ திருநெல்வேலி என்றோ விடை சொல்லுகிறோம். இருபது ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்து, அவ்வூர் மொழியைப் பேசி, அவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பிறகும் இக்கேள்வி நம்மை விடுவதில்லை. இன்று இதே கேள்வியை மனிதரை விட்டு ஒரு மரப்பெட்டியிடம் கேட்டுப் பார்ப்போம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தமிழர் கூடும் பஜனைகளில் பாகவதரின் பக்கத்தில் இப்பெட்டியைக் காண்கிறோம். வாசிப்பவரின் இடக்கை பின்புறத்துத் துருத்தியை அசைக்கிறது. வலக்கை வெள்ளையும் கறுப்புமான கட்டைகளின் மேல் ஓடுகிறது. அதே மாலையில் அடுத்த தெருவில் வங்காளியர் வீட்டிலும், சீக்கியரின் குருத்துவாராவிலும், கவாலி பாடும் மண்டபத்திலும் இதே பெட்டி ஒலிக்கக் கூடும். இந்தியாவின் ஏறக்குறைய எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வாய்த்த இக்கருவி இந்தியாவில் பிறந்ததன்று. இதன் பிறப்பு வளர்ப்பை அறிய வேண்டுமானால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தழைத்த பியானோ, ஆர்கன் தொழிற்சாலைகளுக்குள் நாம் சற்றே புகுந்து வரவேண்டும்.

முதலில் கருவியின் உயிர்நிலை எதுவென்று பார்ப்போம். ஆர்மோனியத்தின் உயிர் அதன் நாக்கில் இருக்கிறது. ரீடு என்று கடைக்காரர்கள் சொல்வது இதனையே. ஒரு பித்தளைத் தகட்டில் நீண்ட துளை ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அத்துளையின் மேல், அதன் ஓரங்களைத் தொடாமல் உள்ளே புகுந்து வெளியே வரத்தக்க அளவில், மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று ஒரு முனையில் மட்டும் இறுக்கப்பட்டிருக்கும். துருத்தியின் காற்று அதன்மேல் பாயும்போது நாக்கு அதிர்கிறது. காற்றோட்டத்தை நொடிக்குப் பல நூறு முறை தடுத்தும் விடுத்தும் ஒலியை எழுப்புகிறது. நாக்கு நீண்டிருந்தால் மந்தர ஸ்வரம்; குறுகியிருந்தால் தார ஸ்வரம். நுனியைச் சற்றே சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பாகத்தைச் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்க்கும் கலைஞனின் வித்தை முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கும். ஆனால் கையில் அது படிவதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

இந்தத் தத்துவம் ஐரோப்பாவிற்கும் சொந்தமன்று. சீனர்கள் ஷெங் என்னும் மூங்கிற் குழற்கருவியில் இத்தகைய நாக்கினைப் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் இதில் கருத்தைச் செலுத்தலாயினர். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து அலெக்ஸாண்டர் தெபேன் என்பவர் இத்தகைய நாக்குகளையும், காலால் மிதிக்கும் துருத்தியையும், பியானோவைப் போன்ற கட்டைகளையும் ஒரு பெட்டியில் இணைத்து, 'ஆர்மோனியம்' என்று பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றார். பெயரின் மீதும் அவர் உரிமை கொண்டாடியமையால், பிற உற்பத்தியாளர்கள் தங்கள் கருவிகளுக்கு வேறு வேறு பெயர்களைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. ஆகவே, பெட்டியின் பூர்வீகத்தைக் கேட்கத் தொடங்கிய முதற்கட்டத்திலேயே நமக்குச் சீனமும் பிரான்சும் என்று இரண்டு விடைகள் கிடைத்துவிடுகின்றன.

கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது இக்கருவி வேறொரு மாறுதல் பெற்றது. பிரெஞ்சு ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை வெளியே தள்ளும். அக்காற்று நாக்குகளின் வழியே பாயும். அமெரிக்க ஆர்கனிலோ துருத்தி காற்றை உள்ளே இழுக்கும். நாக்குகள் உறிஞ்சப்படும் காற்றினால் ஒலிக்கும். இதனால் ஓசை சற்று மென்மையாகிறது. எம்மன்ஸ் ஹாம்லின் என்ற அமெரிக்கத் தொழிலாளி, நாக்கினை இலேசாக வளைத்துத் திருகினால் அதன் நாதம் இனிமை பெறுவதைக் கண்டறிந்தார். ஹென்றி மேசன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து 1854-இல் அவர் பாஸ்டன் நகரில் தொடங்கிய மேசன் அண்டு ஹாம்லின் நிறுவனம், அமெரிக்க ஆர்கனை உலகறியச் செய்த நிறுவனங்களுள் ஒன்று.

ஆர்கன் தொழிலின் வளர்ச்சியைக் காண ஒரு சிற்றூருக்குச் செல்வோம். வெர்மாண்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்றோர் ஊர் உண்டு. அங்கே ஈயக் குழாய் பதிக்கும் தொழில் செய்துவந்த ஜேக்கப் எஸ்டே என்பவர் 1850-களில் ஆர்கன் தொழிலில் பணம் போட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, வாணிபம் தெரியும். 1857-இல் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டினார். 1864-இல் மறுபடியும் தீப்பிடித்தது. 1869-இல் வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு அவர் மேட்டுநிலம் ஒன்றைத் தேர்ந்து, வரிசை வரிசையாகத் தனித்தனிக் கட்டடங்களை எழுப்பினார். தீப்பற்றாதிருக்க அவற்றின் சுவர்களைக் கற்பலகை ஓடுகளால் போர்த்தினார். உலர்ந்த மரமும் பசையும் வார்னிஷும் நிறைந்த தொழிலில் நெருப்பே முதற்பகை என்பதை அவர் பட்டு அறிந்தவர். அந்நிறுவனம் தன் வாழ்நாளில் செய்து விற்ற ஆர்கன்கள் 5,00,000-க்கும் மேல். கற்பலகை போர்த்த கட்டடங்களில் சில இன்றும் அங்கே நிற்கின்றன.

இத்தனை ஆர்கன்களை வாங்கியவர்கள் யாவர்? உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், இருப்புப்பாதை மேற்கு நோக்கி நீண்டது. பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டுப் புதிய நிலங்களில் குடியேறிய உழவர்கள், புகைவண்டி கொண்டுவந்த ஆர்கனைக் கூடத்தில் வைத்தார்கள். அண்டை வீடு ஒரு கல் தொலைவில் இருக்கும். குளிர்காலமோ நெடியது. தாய்வீட்டில் பாடிய பாட்டுகளையும் கோவிற் பாடல்களையும் மாலைவேளையில் குடும்பமாகப் பாடுவதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது. பியானோவை விட ஆர்கன் விலை குறைவு; எடையும் குறைவு; தந்திகள் இல்லாமையால் அடிக்கடி சுருதி சேர்க்கவும் வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு பாட்டு எத்தகைய துணை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பியானோத் தொழிலின் கதை இதனினும் பெரிது. பியானோவில் ஒலி எழுப்புவது காற்று அன்று, தந்தி. கட்டையை அழுத்தினால், கம்பளிப் பட்டை போர்த்த சிறு சுத்தியல் எழுந்து தந்தியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்கும். ஓசை ஓங்க வேண்டுமானால் தந்தி கனமாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள் சேர்ந்து இழுக்கும் விசையை எந்த மரச்சட்டமும் நெடுநாள் தாங்காது. வளைந்துவிடும், சுருதி கலைந்துவிடும். பாஸ்டன் நகரத்து ஆல்பியஸ் பாப்காக் 1825-இல் இதற்கு வார்ப்பிரும்புச் சட்டத்தை ஒரே வார்ப்பாகச் செய்து காப்புரிமை பெற்றார். அதே நகரத்து ஜோனஸ் சிக்கரிங் 1840-களில் அதனைத் திருத்திப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். நாதம் இரும்பின் துணையை நாடிய காலம் அது.

1850-இல் ஜெர்மனியிலிருந்து ஹைன்ரிக் ஸ்டைன்வெக் என்ற தச்சர் பிள்ளைகளுடன் நியூயார்க் வந்திறங்கினார். தந்தையும் பிள்ளைகளும் சில காலம் பிறர் தொழிற்சாலைகளில் கூலிக்கு உழைத்து, அந்நாட்டு முறைகளைக் கற்றார்கள். 1853-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, பெயரையும் அவ்வூர் வழக்கிற்கேற்ப ஸ்டைன்வே என்று மாற்றிக்கொண்டார்கள். 1859-இல் கிராண்டு பியானோவில் மந்தரத் தந்திகளை மற்றத் தந்திகளுக்கு மேலாகக் குறுக்கே ஓடவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இதனால் தந்தியின் நீளமும் நாதத்தின் நிறைவும் கூடின. 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஸ்டைன்வேயும் சிக்கரிங்கும் தங்கப் பதக்கம் பெற்றபோது, பியானோவின் தாயகமான ஐரோப்பாவே அமெரிக்கக் கருவியைத் திரும்பிப் பார்த்தது. அதனைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களே என்பதையும் நாம் மறத்தலாகாது.

தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக, வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. முன்னாளில் ஒரு கைவினைஞன் நாலைந்து பேருடன் ஒரு பியானோவை அடிமுதல் முடிவரை செய்தான். இப்போதோ பலகை அறுப்பவர் ஒருவர், சட்டம் வார்ப்பவர் ஒருவர், தந்தி பூட்டுபவர் ஒருவர், சுத்தியலுக்குக் கம்பளி ஒட்டுபவர் ஒருவர், வார்னிஷ் தேய்ப்பவர் ஒருவர் என்றாயிற்று. கட்டைகளை மட்டும் செய்யும் நிறுவனங்களும், சுத்தியற் பொறியை மட்டும் செய்யும் நிறுவனங்களும் தோன்றின. நியூயார்க்கில் ஜோசப் ஹேல் என்பவர் இந்தப் பாகங்களையெல்லாம் வெளியே விலைக்கு வாங்கிப் பூட்டி மலிவான பியானோக்களை ஆயிரக்கணக்கில் விற்றார். கேட்ட கடைக்காரரின் பெயரைக் கேட்டபடி பியானோவின் முகப்பில் பொறித்துக் கொடுக்கும் வழக்கமும் பரவிற்று. பழைய நிறுவனங்கள் இதனை இகழ்ந்தன. ஆயினும் பள்ளி ஆசிரியரும் எழுத்தரும் பியானோ வாங்கக்கூடிய காலத்தைக் கொண்டுவந்ததில் இந்த மலிவு வாணிபத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆர்கனும் பியானோவும் தவணை முறையில் விற்கப்பட்டன. சிறு தொகையை முன்பணமாகக் கட்டி, மீதியை மாதந்தோறும் செலுத்தலாம். முகவர்கள் வண்டியில் ஆர்கனை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சென்று, சில நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று விட்டுச் சென்றனர். பழகிய பொருளைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? வீட்டில் பியானோ இருப்பது குடும்ப மதிப்பிற்கு அடையாளமாயிற்று. பெண்மக்களுக்கு வாசிக்கக் கற்பிப்பது கடமையாயிற்று. பியானோ கற்பித்து வருவாய் ஈட்டுதல், வெளிவேலைக்கு வழியில்லாத பல பெண்களுக்குக் கௌரவமான பிழைப்பாகவும் அமைந்தது. 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,60,000-க்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன.

இவ்வளவும் கேட்டபின், இந்த இனிமைக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் நாம் கேட்டே ஆக வேண்டும். முதலாவதாக, தொழிலாளர்கள். 1872-இல் நியூயார்க்கில் எட்டு மணி நேர வேலை கோரி எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தில் பியானோத் தொழிலாளர்களும் கலந்துகொண்டனர். ஸ்டைன்வே குடும்பத்தார் நகரத்தின் நெருக்கடிக்கு அப்பால், அஸ்டோரியாவில் அறுவை ஆலை, வார்ப்படச் சாலை, தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அடங்கிய ஒரு தொழிலூரையே அமைத்தனர். தொழிலாளர் நலனை நாடியதோடு, வேலைநிறுத்தக்காரரின் கைக்கு எட்டாத தொலைவையும் நாடியே அவர்கள் அவ்வாறு செய்தனர்.

இரண்டாவது விலை இன்னும் கொடியது. பியானோக் கட்டையின் வெண்மை எங்கிருந்து வந்தது? யானைத் தந்தத்திலிருந்து வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் டீப் ரிவர், ஐவரிடன் என்று இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டாவதன் பெயருக்கே தந்தவூர் என்றுதான் பொருள். அமெரிக்கா இறக்குமதி செய்த தந்தத்தின் பெரும்பகுதி இவ்விரண்டு ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே தந்தத்தை மெல்லிய தகடுகளாக அறுத்து, நீண்ட கண்ணாடிக் கூடாரங்களில் வாரக்கணக்கில் வெயிலில் பரப்பி வெளுக்க வைத்தார்கள். பிறகு அவை மரக்கட்டைகளின் மேல் ஒட்டப்பட்டன.

அத்தந்தத்தில் மிகுதியும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுத் துறைமுகம் வழியே வந்தது. உள்நாட்டுக் காடுகளில் யானைகளைக் கொன்று எடுத்த தந்தங்களை நூற்றுக்கணக்கான கல் தொலைவு மனிதரே தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். சுமந்தவர்களில் கூலியாட்களும் இருந்தனர். பிடிக்கப்பட்ட அடிமைகளும் இருந்தனர். சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873-இல் மூடப்பட்டது. ஆனால் தந்த வாணிபம் ஓயவில்லை. இந்தத் தந்த வாணிபத்திற்கு முதல் கொடுத்தவர்களில் நம் நாட்டு வணிகர்களும் உண்டு என்பதை ஒளித்தல் நேர்மையாகாது. ஒரு சிறுமி தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து விரல் பழகிய வெண்கட்டைக்குப் பின்னால் இத்தனை நெடிய நடை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பிடித்தது. 1989-இல் யானைத் தந்தத்தின் பன்னாட்டு வாணிபத்திற்கே தடை முடிவு செய்யப்பட்டது.

இனி ஆசியாவிற்குத் திரும்புவோம். மேலைநாட்டார் சென்ற இடமெல்லாம் இக்கருவிகளும் கப்பலேறிச் சென்றன. சென்ற இடத்துத் தட்பவெப்பம் அவற்றோடு பகைத்தது. மழைக்காலத்தில் பசை இளகிற்று, மரம் உப்பிற்று, தோல் பூசணம் பூத்தது, கறையானும் விட்டுவைக்கவில்லை. ஆகவே கருவி சென்ற ஊரிலெல்லாம் அதனைப் பழுதுபார்க்கும் உள்ளூர்க் கை தேவைப்பட்டது. பழுதுபார்க்கப் பிரித்தவன் உள்ளே உள்ளதைக் கண்டான். கண்டவன் தானே செய்யத் துணிந்தான். ஆசியாவில் இத்தொழில் வேரூன்றிய வரலாறு இவ்வளவே.

ஜப்பானில் ஹமமத்சு என்னும் ஊரில் இது நடந்தது. 1887-இல் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த அமெரிக்க ஆர்கன் பழுதாயிற்று. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த டொரகுசு யமஹா என்பவரை அழைத்தார்கள். அவர் அதனைப் பிரித்துச் செப்பனிட்டார். உள்ளுறுப்புகளைப் படமாக வரைந்துகொண்டார். பிறகு தாமே ஓர் ஆர்கன் செய்தார். செய்த கருவியை நண்பர் ஒருவருடன் காவடி போலத் தோளில் சுமந்து, ஹாகொனே மலையைக் கடந்து, தோக்கியோவின் இசைப்பள்ளிக்கு நடந்தே கொண்டு சென்றார். அங்கே அதன் சுருதி சரியில்லை என்றார்கள். அவர் மனம் உடையாமல் அங்கேயே தங்கிச் சுருதி இலக்கணம் கற்று, ஊர் திரும்பி மறுபடியும் செய்து வெற்றி கண்டார். 1897-இல் அவர் நிறுவனத்தைப் பெரிதாக்கினார். 1900-இல் பியானோவும் செய்யத் தொடங்கினார். இன்று அவர் பெயரை அறியாதவர் இலர்.

ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் வேறு வகையில் சிந்தித்தார். அவர் 1875-இல் நிறுவிய இசைக்கருவிக் கடை பின்னாளில் துவார்கின் என்ற பெயரால் புகழ் பெற்றது. யமஹா மேலைநாட்டு ஆர்கனை அதன் வடிவிலேயே செய்து காட்டினார். கோஷோ வடிவத்தையே மாற்றினார். நம் நாட்டில் பாடுகிறவரும் வாசிக்கிறவரும் தரையில் அமர்கிறார்கள். அப்படி அமர்ந்தால் காலால் துருத்தி மிதிப்பது எப்படி? மேலை இசையில் இரண்டு கையும் கட்டைகளின் மேல் இருந்தாக வேண்டும். பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிப்பது அவர்கள் முறை. நம் இசை ஒற்றை ராக இழையில் செல்வது. அதற்கு ஒரு கை போதும். ஆகவே காலை நீக்கினார், மிதியை நீக்கினார், துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்தி இடக்கையிடம் ஒப்படைத்தார். கருவி சிறுத்தது, தூக்கிச் செல்ல எளிதாயிற்று, விலை குறைந்தது. நம் இசைக்கு இன்றியமையாத ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கத் தனி இழுப்புகளும் சேர்ந்தன. நாற்காலியில் அமர்ந்த கருவி நம் பாயில் வந்து உட்கார்ந்தது.

அங்கிருந்து அது நாடெங்கும் பரவிற்று. பாலிதானா என்ற குஜராத்து ஊரில் நாக்கு செய்யும் தொழிலே தனியாக வளர்ந்தது. பார்சி, மராத்தி நாடகக் குழுக்கள் அதனை மேடைக்குக் கொண்டுவந்தன. தமிழ் நாடகக் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை நடிகரின் குரலுக்குத் துணை நிற்க ஆர்மோனியத்தின் கணீரென்ற ஓசை வேண்டியிருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை முன்னோர் வியந்து பேசுவர்.

நம் சங்கீதத்தில் இப்பெட்டி விட்டுச் சென்ற அடையாளம் மற்றொன்று உண்டு. அதனை நாம் அன்றாடம் சொல்லியும் கவனிப்பதில்லை. "அவர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை எது? ஆர்மோனியத்தின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. அடுத்தடுத்து எண்ணினால் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஐந்தரை. ஆர்மோனியத்தை ஒரு நாளும் தொடாத வித்துவானும், அதனைச் சங்கீதத்திற்கு ஆகாது என்று ஒதுக்கும் ரசிகரும் தம் சுருதியை அளப்பது அதன் கட்டையைக் கொண்டுதான். கட்டைகளை நீக்கிவிட்டு நாக்கையும் துருத்தியையும் மட்டும் வைத்துக்கொண்ட பெட்டியே நம் சுருதிப் பெட்டி.

ஒதுக்கியவர்களின் வாதத்தையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். அது வெறும் வெறுப்பன்று. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு நாக்கிற்கும் ஒரே ஸ்வரம். அதிலிருந்து அது அசையாது. நம் இசையிலோ ஸ்வரம் நிற்பதை விட அசைவதே அழகு. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்வதும், நின்ற இடத்தில் ஊசலாடுவதும் கமகத்தின் உயிர். வீணைத் தந்தியை இழுக்கலாம்; வயலினில் விரலை நகர்த்தலாம்; ஆர்மோனியக் கட்டையை என் செய்வது? மேலும் அதன் பன்னிரண்டு ஸ்வரங்களும் சமமாகப் பங்கிடப்பட்டவை. நம் செவி கேட்கும் நுண்ணிய சுருதி பேதங்களுக்கு அங்கே இடமில்லை. தொழிற்சாலையின் ஒழுங்கு நாதத்திலும் புகுந்துவிட்டது என்பதே அவர்களின் கவலை.

இந்த வாதம் மிகக் கடுமையாகச் செயற்பட்ட இடம், இவ்வுரையை ஒலிபரப்பும் இதே வானொலிதான். வானொலியின் தில்லி நிலையத்தில் மேலை இசைப் பகுதியை நடத்திய ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938-இல் ஆர்மோனியத்தைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். 1940-ஆம் ஆண்டு ஜனவரியில் இரவீந்திரநாத் தாகூர் கல்கத்தா நிலையத்திற்குக் கடிதம் எழுதி, தடையை ஆதரித்தார். அவ்வாண்டு மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் ஒலிக்கக் கூடாது என்றாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நிலையத்தின் வாயிலில் காத்து நின்றது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அந்நியக் கருவி என்று அதனை விலக்கியவர்களுள் முன்னின்றவர் ஓர் ஆங்கிலேயர். விலக்கிய வானொலியும் வெளிநாட்டில் பிறந்த கருவியே.

அந்த முப்பது ஆண்டுகளில் ஆர்மோனியம் அழிந்ததா? இல்லை. கோவிலிலும் மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் பஜனைக் கூடத்திலும் அது வாசிக்கப்பட்டே வந்தது. மக்கள் கைவிடவில்லை, ஆகவே அதற்கு அழிவில்லை. இதற்கு மாறாக, அதன் தாயகத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். கிராமபோனும் தானே வாசிக்கும் பியானோவும் பிறகு வானொலியும் வந்தபோது, வீட்டார் பாடுவதை விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். கூடத்து ஆர்கன் பரணுக்குப் போயிற்று. 5,00,000 ஆர்கன்களைச் செய்த எஸ்டே நிறுவனம் 1960-இல் கதவை மூடிற்று. யாரும் தடை விதிக்காத நாட்டில் அது மறைந்தது. தடை விதித்த நாட்டில் வாழ்கிறது.

எனவே, நேயர்களே, "உனக்குப் பூர்வீகம் எது?" என்று அந்தப் பெட்டியைக் கேட்டால் அது எத்தனை ஊர்களைச் சொல்ல வேண்டியிருக்கும்! சீனத்து மூங்கிற் குழல், பாரிஸ் பட்டறை, பிராட்டில்பரோவின் கற்பலகைக் கட்டடம், கல்கத்தாவில் அதன் காலை நீக்கிய கை, பாலிதானாவில் நாக்கு சுரண்டும் கை ஆகிய யாவற்றையும் அது சொல்லும். ஆயினும் பஜனையில் அதன் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எவரும் அதனை அயலூர்ப் பொருள் என்று எண்ணுவதில்லை.

அதனால் இயலாதது கமகம்; அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. குறையை அறிந்து, அது தாங்கக்கூடிய வேலையை அதனிடம் கொடுத்து, பாடுகிறவரின் குரலே முன்னிற்க அது பின்னின்று துணைபுரியுமாறு நம் முன்னோர் பழக்கினர். அவ்வாறு பழக்கிய உழைப்பினால் அது நமக்கு உரிமையாயிற்று. ஓர் ஊரில் குடியேறியவரை அவ்வூரார் தம்மவர் என ஏற்பதும் இவ்வாறுதான்: அவர் எங்கிருந்து வந்தார் என்பதனால் மட்டும் அன்று, வந்த இடத்தில் எதற்குத் துணை நின்றார் என்பதனால். அடுத்த பஜனையில் பெட்டியைத் திறக்கும் இளைஞருக்கு அருகில் அமரும்போது, அதன் முதற் கட்டையைச் சற்று உற்றுப் பாருங்கள். அதன் வெண்மைக்குப் பின்னால் நடந்தவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டு, பிறகு அனைவரும் சேர்ந்து பாடுவோம்.